சுடாத பலகாரம்

என் மாமியார் என்னை ஒரு நாளும் வா, போ என்று பேசியதில்லை. "மாப்ள வாங்க, மாப்ள உக்காருங்க, மாப்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்றுதான் பேசுவார். திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். மரியாதையாலேயே அடிக்கிறவரை என்ன செய்வது? நானும் "சரிங்க அத்த" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் இரண்டு உதை உதைப்பேன். அந்த ஸ்டாண்டு கோணிப் போனதற்கு அவர்தான் காரணம்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மகளைப் பார்த்துக்கொள்ள. என் மனைவி நர்ஸ். மகளுக்கு நாலு வயது முடிந்த சமயம் கல்ஃபில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து விமானம் ஏறினாள். அந்த வாரமே கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து டிரங்குப் பெட்டி, மாதா படம், கூடையில் கோழிகள் சகிதம் மாமியார் வந்து இறங்கினார். கோழிகளைக் கொல்லையில் விட்டார். மாதாவை டிவி மேல் வைத்தார். என்னை வைக்கத்தான் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். விருத்தாசலத்தில் படிப்பு ஏறாதவர்கள் போகிற இடத்துக்கே நானும் போனேன்: செராமிக் பட்டறை. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொருளை எடுக்கிற வேலை. "படிச்ச பொண்ண மண்ணு மிதிக்கிறவருக்குக் குடுத்துட்டோம்" என்று மாமியார் கோயில் வாசலில் ஒரு அம்மாவிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நாங்கள் மண்ணை மிதிப்பதில்லை, அதற்கு மெஷின் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு எதற்குமே தைரியம் வராது. சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் சைக்கிளைத் திருப்புகிற ஆள் நான். காலையில் மகள் இருமியிருந்தால் அன்று பூராவும் பட்டறையில் கூழ் அச்சைத் தாண்டி வழியும்.

அந்த மகள் சாப்பிட மாட்டாள். இட்லியைப் பிய்த்துத் தட்டில் பரப்பி வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். மாமியார் ஊட்டினால் வாயில் அடக்கிக்கொண்டு கொல்லையில் போய்த் துப்புவாள். கோழிகள் மட்டும் கொழுத்தன.

ஒரு வருஷம் பொங்கல் கழிந்து மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் கல்ஃபிலிருந்து லீவில் வந்தார். அவரிடம் மனைவி ஒரு அட்டைப்பெட்டி கொடுத்து விட்டிருந்தாள். போய் வாங்கி வந்தேன். சோப்பு, பால் பவுடர், அதற்கடியில் வெள்ளித்தாள் சுற்றிய கட்டிகள், விரல் நீளத்துக்கு. பிரித்தால் ஓட்ஸும் கொட்டைகளும் தேனில் ஒட்டிக்கொண்டு பலகைபோல இருந்தன. மகள் ஒன்றைக் கடித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மென்றாள், விழுங்கினாள், மறுபடி கடித்தாள். முழுசும் தின்றுவிட்டு வெள்ளித்தாளை நகத்தால் நீவி, கோயிலில் கொடுத்த ஞானோபதேசப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டி இருந்தவரை வீட்டில் சண்டையில்லை. காலையில் ஒன்று, ஸ்கூல் டப்பாவில் ஒன்று. பெட்டி காலியானதும் டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மனைவி போன் பண்ணுவாள். செல்போன் என்னுடையது. முதலில் பேசுவது மாமியார்.

"புள்ள எளச்சிக் குச்சியாட்டம் ஆயிட்டுது. அவுரு கையால ஒன்னும் எறங்க மாட்டேங்குது. என் வூடும் அங்க பூட்டிக் கெடக்குது. நான் ஊருக்கே இட்டுட்டுப் போயிடறேன். ஜூன்ல அங்க ஸ்கூல்ல சேத்துடலாம். இவுரு மண்ணப் பாப்பாரா, புள்ளையப் பாப்பாரா?"

நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். போன் என் கைக்கு வந்தபோது மனைவியின் குரல் களைத்திருந்தது.

"ஈஸ்டருக்கு லீவு போட்டிருக்கேங்க. வந்து புள்ளையப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம். சாப்பாடு எறங்கலன்னா அம்மாகூட அனுப்பறதுதான் சரி."

பொண்டாட்டி கடல் தாண்டியிருக்கிறாள். மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக சிலிண்டரை மூட வேண்டும்? என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்: "அந்தக் கட்டிய இங்க செய்ய முடியாதாம்மா?"

"ஏன் முடியாது? இங்க எங்கூட இருக்குற நர்சுங்க ரூம்லயே பண்றாங்க. சுடவே வேணாம். எல்லாத்தையும் கலந்து, நல்லா அழுத்தி, ஃபிரிட்ஜில வச்சா கட்டியாயிடும்."

"சுடாம எப்பிடி நிக்கும்?"

"பலகாரங்க அது. பீங்கான் இல்ல."

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அந்தக் கவலை ஒரு பக்கம். சுடாத எதையும் எங்கள் தொழிலில் பொருள் என்று ஒத்துக்கொள்ள மாட்டோம். சூளைக்குப் போகாத கோப்பையில் தண்ணீர் பட்டால் அது மறுபடி மண். போதாததற்கு அது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் வீட்டுக்குள் கறியும் இனிப்பும் நுழையக் கூடாது என்று மாமியார் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே மாதாவுக்குப் பொருத்தனை நேர்ந்திருந்தார்.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பிடித்தேன். அவர் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போகிற நேரம். கடைத்தெருவில் ஓட்ஸ் வாங்கினேன். மங்கலம்பேட்டைக் கடையில் பேரீச்சம்பழம். வேர்க்கடலை, எள், பொட்டுக்கடலை வீட்டிலேயே இருந்தன. அடுப்பு கூடாது என்றுதானே சொன்னாள் என்று எல்லாவற்றையும் பச்சையாகவே கலந்து, பழத்தைப் பிசைந்து போட்டு, தட்டில் அழுத்தினேன். கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்ஸ் வாயில் மாட்டுத் தீவனம்போலச் சுற்றிச் சுற்றி வந்தது.

தட்டை ஒளிப்பதற்குள் மாமியார் வந்துவிட்டார். கையில் ஜெபமாலை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

"புள்ளைக்குங்க அத்த."

"அப்பிடிங்களா. புள்ளைக்கா." ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "கோழிக்குப் போடட்டுங்களா?"

போட்டார். கோழிகள் பேரீச்சம்பழத்தை மட்டும் கொத்திவிட்டு ஓட்ஸை விட்டுவிட்டன. அதையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு போனில் மனைவி விளக்கமாகச் சொன்னாள். ஓட்ஸை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும், கடலையையும் வறுக்க வேண்டும், தேன் இல்லாவிட்டால் வெல்லப்பாகு. பக்கத்தில் நின்ற மாமியார் சிரித்தார். "அடுப்பே வேணாம்னாங்க. இப்ப வறுக்கணும், காய்ச்சணும். கடல முட்டாய்க்கு இங்கிலீசுப் பேரு வச்சிக்கினு இம்மாம் ஆர்ப்பாட்டம்."

கடலை மிட்டாய் என்றால் மகள் தொட மாட்டாள். பல் வலிக்கிறது என்பாள். இது மெத்தென்று கடிபட வேண்டும், ஆனால் பிடித்தால் வளையாமல் நிற்க வேண்டும். அந்த வெள்ளித்தாள் கட்டியின் ஒழுங்குதான் அவளுக்குப் பிடித்தது என்று எனக்குத் தோன்றியது. நாலு மூலையும் கூராக, மேலே வழவழவென்று. ஒழுங்கான வடிவம் வேண்டுமானால் அச்சு வேண்டும். அச்சு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் புதுப் பிளாஸ்டர் கரைத்து, அந்தக் கட்டியின் அளவுக்கு வரிசையாகக் குழி விட்டு அச்சு எடுத்தேன். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், செங்கலா?"

"பலகாரம்."

"யாருக்கு, சூளைக்கா?"

சிரித்துவிட்டுப் போனான். எனக்கு என் கணக்கு சரியாக இருந்தது. பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். களிமண் கூழை ஊற்றினால் ஈரத்தை உறிஞ்சும், மண் சுருங்கும், சுருங்கியதும் தானாகவே அச்சை விட்டு விலகும். தட்டக்கூட வேண்டாம், கவிழ்த்தால் கையில் விழும். வெல்லம் மட்டும் என்ன, அதுவும் ஈரம் போனால் இறுகுகிற சாமான்தானே? அச்சுவெல்லம் என்று கடையில் விற்கிறதே, அது அச்சிலிருந்து வருவதுதானே? நெய் தடவலாமா என்று யோசித்தேன். நெய் தடவினால் பிளாஸ்டர் குடிக்காது. வேண்டாம் என்று விட்டேன். அச்சை அலம்பி வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். பிளாஸ்டர் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி வழியெல்லாம் கூடவே வந்தது. ஒட்டாது, ஒட்டாது என்று பதில் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

வெள்ளிக்கிழமை. வறுத்தேன், இடித்தேன், பாகு காய்ச்சினேன். சூடாக இருக்கும்போதே கலந்து அச்சில் போட்டு அழுத்தினேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துக் கவிழ்த்தேன். வரவில்லை. மண்ணாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விடுவோம். விட்டேன். வெல்லம் சுருங்கவில்லை. அது பிளாஸ்டரின் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் எல்லாம் இறங்கி, ஈரத்தைக் கொடுத்துவிட்டுக் கல்லாகப் பிடித்துக்கொண்டது. மரச் சுத்தியால் ஓரத்தில் தட்டினேன். இன்னும் கொஞ்சம் தட்டினேன். அச்சு இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு கட்டியின் அடியிலும் வெள்ளையாகப் பிளாஸ்டர் அப்பிக்கொண்டு வந்தது.

தரையில் உட்கார்ந்து கத்தி முனையால் சுரண்டத் தொடங்கினேன். சுரண்டினால் போய்விடும் என்றா நினைத்தேன்? தெரியவில்லை. கை நிற்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து குந்தி, "அப்பா, நா ஒன்னு திங்கட்டா?" என்றாள். "தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதுவிட்டாள். அந்த அழுகையோடுதான் மாமியார் உள்ளே வந்தார்.

வெள்ளைப் பொடியைத் தொட்டு முகர்ந்தார். உடைந்த அச்சைக் காலால் நகர்த்தினார்.

"கரும்புக் கொல்லையில வெல்லம் ஊத்துறத மாப்ள பாத்ததில்லீங்களா?" என்றார். "அதெல்லாம் மர அச்சுங்க. நல்லாத் தண்ணியில நனைச்சிட்டு ஊத்துவாங்க. அஞ்சாவது படிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க ஒம்போதாவது வரிக்கும் போனவராச்சே."

அன்று ஞாயிறு வரை அவர் காத்திருக்கவில்லை. என் போனை எடுத்து அவரே தன் மகளைக் கூப்பிட்டார்.

"உன் புருஷன் புள்ளைக்குச் சுண்ணாம்பு ஊட்டப் பாத்தாரு. நா வரலன்னா ஊட்டியிருப்பாரு."

"நா ஊட்டலம்மா," என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"ஊட்டலயாம்," என்றார் போனில்.

எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்த பிறகு மனைவி, "உங்கள யாருங்க இதெல்லாம் பண்ணச் சொன்னது? நா வர்ற வரைக்கும் ஒன்னும் பண்ணாதீங்க," என்றாள். மறுநாள் காலையில் மாமியார் பெரிய பையை எடுத்து மகளின் துணிகளை அடுக்கத் தொடங்கினார். யூனிஃபார்மையும் பாதி உள்ளே வைத்துவிட்டு, மாற்றிப் போட ஒன்றை மட்டும் ஆணியில் விட்டிருந்தார்.

அந்தப் பை கதவோரமே இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அதைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டும் போதெல்லாம் அவர் சொன்னது காதில் விழுந்தது. மர அச்சு. தண்ணியில் நனைச்சிட்டு. என்னைக் குத்துவதற்காகச் சொன்னதுதான். ஆனால் அதுவரை அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். எதிரி எறிந்த கல்லாக இருந்தாலும் கல் கல்தானே. எடுத்து வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் பிளாஸ்டர் ஊற்றும்போது சுற்றிலும் மரச் சட்டம் கட்டுவோம். அதே அளவில் மரக்கடையில் புதுச் சட்டம் அறுத்து வாங்கி, தேய்த்து, கழுவி, தண்ணீரில் ஊறப் போட்டேன். மனைவி வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் பை ஊருக்குப் போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு; அதற்கும் முந்தின வெள்ளி. மாமியார் கோயிலுக்குக் கிளம்பிய கையோடு அடுப்பைப் பற்றவைத்தேன். பாகைக் கடலை மிட்டாய்க்கு விடுகிற அளவு முற்ற விடவில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டினால் உருளுகிற பதத்தில் இறக்கினேன். பேரீச்சம்பழத்தை அதிலேயே மசித்தேன். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வறுத்துச் சேர்த்தேன், அது என் யோசனை. தட்டில் வைத்த ஈரச் சட்டத்துக்குள் கொட்டியதும் மகளைக் கூப்பிட்டேன். ஈரக் கையால் அவள் தட்டினாள், நான் பூரிக்கட்டையால் அழுத்தினேன். ஃபிரிட்ஜ் இல்லாததால் தண்ணிப் பானைக்கு அடியிலிருக்கும் ஈரமணலில் தட்டைப் பதித்து மூடி வைத்தேன். எறும்பு வருமே என்று பயந்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினேன். எடுத்துக் கத்தி போட்டபோது கட்டி கட்டியாக, மூலை மழுங்காமல் வந்தது.

மகள் புத்தகத்திலிருந்து பழைய வெள்ளித்தாளை எடுத்து வந்து ஒன்றைச் சுற்றினாள். பிறகு பிரித்துக் கடித்தாள்.

"அது மாரி இல்லப்பா."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"இது வேற மாரி இருக்குது," என்று சொல்லிக்கொண்டே தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

திங்கட்கிழமை டப்பா காலியாக வந்தது. மாமியார் டப்பாவை மோந்து பார்த்துவிட்டுக் கழுவினார். கதவோரப் பை இடம் மாறவில்லை.

மனைவி ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் சுண்ணாம்புக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். மனைவி கேட்டுக்கொண்டே மகளை மடியில் இருத்தினாள். கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்தி விட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நான் பட்டறையில் சூளைக் கதவு திறக்கும்போது நிற்பதுபோல நின்றேன்.

"புள்ள போன்ல சொன்ன அந்தக் கட்டி இருக்குதுங்களா?"

கொண்டு வந்து கொடுத்தேன். கடித்தாள். மென்றாள். சட்டென்று நிறுத்தி, வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்தியா! பாத்தியா! நா சொன்னா கேக்கல," என்று மாமியார் எழுந்துவிட்டார். புதுச் சட்டம்தான், கழுவிய சட்டம்தான், பட்டறைச் சட்டையைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் செய்தேன், இருந்தாலும் நகத்திடுக்கில் இருந்திருக்குமோ?

மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வாயில் போட்டு மென்றாள்.

"தேங்கா," என்றாள்.

மாமியார் உட்காரவில்லை. "தேங்காவோ மாங்காவோ. புள்ள இப்பக் கொஞ்சம் தேறியிருக்குதுன்னா அது நா ஊட்டி ஊட்டி வந்தது. இந்த முட்டாயில வந்ததுன்னு நெனைக்காத."

"தேறியிருக்குறாளா?"

"பின்ன? நா இருக்கறப்ப எளைக்க வுடுவேனா?"

"அப்ப எளச்சிக் குச்சியாட்டம் ஆயிட்டுதுன்னு போன்ல யாரும்மா சொன்னது?"

மாமியார் என்னைப் பார்த்தார், நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்ததுபோல. வாயைத் திறந்தார். இளைத்துவிட்டது என்றால் அவர் ஊட்டியது பொய். தேறிவிட்டது என்றால் ஊருக்குக் கூட்டிப்போகக் காரணம் இல்லை. கோழிகளை விரட்டக் கொல்லைக்குப் போனார். கோழிகள் கூடைக்குள்தான் இருந்தன.

மனைவி எழுந்து போய்க் கதவோரப் பையைத் திறந்தாள். யூனிஃபார்மை எடுத்து உதறி ஆணியில் மாட்டினாள். நான் வாசலுக்குப் போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதைக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த மறுநாளே மாமியார் பெட்டி, மாதா, கோழி எல்லாவற்றோடும் பஸ் ஏறினார். "மாப்ளைக்கு இனிமே நிம்மதிங்க," என்றார். பண்டிகைக்கு நான் செய்த கட்டியை நீட்டியபோது பல் ஆடுகிறது என்றார். முறுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

லீவு முடிந்து மனைவி போனாள். மே மாதம் மகளைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போய் அலமாரி ஓரமாக உட்கார வைத்திருந்தேன். ஜூனில் ஸ்கூல் திறந்தால் சாயங்காலம் யார் பார்ப்பது என்று தூக்கம் வரவில்லை. ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாள் வாசலில் கோழி கத்தியது. டிரங்குப் பெட்டி, மாதா, கூடை, மாமியார்.

நேராக உள்ளே போய், என் போனை எடுத்துத் தன் மகளைக் கூப்பிட்டார். "நா வந்துட்டேன். இவர நம்பிப் புள்ளைய வுட முடியுமா? இங்கயேதான் இருக்கப் போறேன்." பிறகு அடுப்படிக்குப் போய், காய்ந்து கிடந்த மரச் சட்டத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இத நேத்தே ஊறப் போட்டிருக்கணுங்க. இப்பிடியே ஊத்துனா ஒட்டிக்கும். ஏற்கெனவே ஒரு தடவ பட்டுட்டீங்க."

"சரிங்க அத்த," என்றேன்.